ஏழாம் நம்பர் குடும்பம்

எங்கள் சபையில் வருடத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்துச் சுற்றுலா போவார்கள். போன வருடம் கோட்டைகள். ‘ஒரே நாளில் மூன்று கோட்டை’ என்று ஆலயத்து நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருந்தார்கள். செஞ்சியில் ராஜா கோட்டை, அதற்கு எதிரே ராணி கோட்டை, திரும்பும் வழியில் கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரைக் கோட்டை. ராணி கோட்டையை ரோட்டிலிருந்தே காட்டுவார்கள் என்பதும், ஆலம்பரைக் கோட்டையில் ஒரு பகுதியைக் கடல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது என்பதும் நோட்டீஸில் இல்லை. நான் விசாரித்து வைத்திருந்தேன். எங்கே போவதானாலும் விசாரித்துவிட்டுத்தான் போவேன்.

எனக்கு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. விபத்துக் கோப்புகள் என் மேஜைக்குத்தான் வரும். மனிதர்கள் எங்கே, எப்படி விழுவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. படியில் விழுவார்கள். படியே இல்லாத இடத்திலும் விழுவார்கள். ‘கண்மூடித் திறப்பதற்குள்’ என்ற சொற்றொடர் அந்தக் கோப்புகளில் வராத நாள் இல்லை. அதனால் கண்ணைத் திறந்தே வைத்திருப்பது என்று வெகுகாலம் முன்பே முடிவு செய்திருந்தேன். என் மகள் பிறந்ததிலிருந்து என்று சொல்லலாம்.

மகளுக்கு அப்போது பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, போபாலில் கட்டடக்கலை படிக்க இடம் வாங்கியிருந்தாள். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் மரங்கள் தெரிகிற தூரத்தில், தாம்பரத்திலேயே ஒரு கல்லூரி இருக்கிறது. அதிலும் வேறொரு படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. போபால் விடுதிக்கான படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். படிவம் பத்து நாளாக என் பையில் இருந்தது. படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஒன்றரைப் பக்கம்.

சுற்றுலாவுக்கு இரண்டு நாள் முன்பு அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள்.

“ஒரே ஒரு நாள்பா. சனிக்கிழமை. நீங்க என்னைத் திரும்பிப் பாக்கக் கூடாது. போன் பண்ணக் கூடாது. தண்ணி குடிச்சியான்னு கேக்கக் கூடாது.”

“சாப்பிட்டியான்னு?”

“அதுவும் தண்ணி மாதிரிதான்.”

“அன்னிக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

“ஏதாவது ஆச்சுன்னா நான் போபால் போகல. இங்கயே சேர்ந்துடறேன். ஒண்ணும் ஆகலன்னா நீங்க ஞாயித்துக்கிழமை கையெழுத்துப் போடணும். ஓகேவா?”

சமையலறையிலிருந்து என் மனைவி, “ஏதாவதுன்னா என்னன்னு ரெண்டு பேரும் எழுதி வாங்கிக்கோங்க” என்றாள். யாரும் எழுதவில்லை. அது தவறு என்று இப்போது தெரிகிறது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆலயத்து வாசலில் பஸ் நின்றது. ஏறும்போதே மகள் தன் போனை அணைக்காமல், சத்தத்தை மட்டும் நிறுத்தி, அம்மாவின் கைப்பையில் போட்டாள். “இது என் கையில இருந்தா அப்பா போன் பண்ணுவார்” என்றாள். பண்ணியிருப்பேன்.

எங்கள் சுற்றுலாக்களுக்கு வழிகாட்டி எப்போதும் ஒருவர்தான். பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை வரலாறு சார் என்றே கூப்பிடுவோம். பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் மைக்கோடு நின்றுகொண்டே வருவார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். ஆட்களை எண்ண அவரிடம் ஒரு முறை உண்டு. முன்பெல்லாம் தலை தலையாக எண்ணினார். ஒருவர் எழுந்து தண்ணீர் குடிப்பார், ஒரு குழந்தை சீட்டுக்கு அடியில் இருக்கும். மூன்று தடவை எண்ணினால் மூன்று கணக்கு வரும். பிறகு குடும்பத்துக்கு ஒரு நம்பர் கொடுத்துவிட்டார். அவர் நம்பரைக் கூப்பிட வேண்டும், வீட்டில் பெரியவர் எண்ணிக்கையைச் சொல்லி, ‘ஃபுல்’ என்று சேர்க்க வேண்டும். பதினான்கு குடும்பம், அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

நாங்கள் ஏழாம் நம்பர்.

“ஆறு?”

“அஞ்சு பேர், ஃபுல்.”

“ஏழு... ஏழைக் கேக்கவே வேணாம். அங்க ஒரு ஆள் குறைஞ்சா நம்ம பஸ் ஸ்டார்ட்டே ஆகாது.” பஸ் முழுக்கச் சிரித்தது. இது வருடா வருடம் சொல்வதுதான். நானும் வருடா வருடம் திரும்பிப் பார்த்து, மனைவியையும் மகளையும் கண்ணால் தொட்டுவிட்டு, “மூணு, ஃபுல்” என்பேன். அன்று ஆலய வாசலில் சொன்னபோது மகள் இன்னும் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். திரும்ப வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு அவள் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். வாலிபப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அங்கேதான் உட்காருவார்கள். பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம். என் மனைவிக்கு பஸ் என்றால் குமட்டும். பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் மாத்திரை போட்டுக்கொண்டாள், சிங்கப்பெருமாள் கோவில் வருவதற்குள் தூங்கிவிட்டாள். எனக்கு டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட். அங்கிருந்து பார்த்தால் டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் அகலக் கண்ணாடியில் பஸ்ஸின் கடைசி வரிசை முழுதும் தெரிந்தது. கண்ணாடியில் பார்ப்பது திரும்பிப் பார்ப்பதில் சேருமா என்று மேல்மருவத்தூர் வரை யோசித்தேன். சேரும் என்றுதான் பட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் ஓடும் வண்டியில் நான் கண்ணை மூடியது அதுவே முதல் தடவை.

ஒன்பதரைக்குச் செஞ்சி. வெயில் அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. மலை முழுக்கப் பாறை. ஒன்றின் மேல் ஒன்று, யாரோ அவசரமாகக் கொட்டிவிட்டுப் போனதுபோல. அந்தப் பாறைகளுக்கு நடுவே மதில் ஏறிக்கொண்டே போகிறது. கீழே கல்யாண மஹால், குதிரை லாயம், நெற்களஞ்சியம், யானைக்குளம். வரலாறு சார் பஸ்ஸின் மைக்கைக் கழற்ற முடியாததால் கையைக் குவித்துக்கொண்டு பேசினார். யார் கட்டினார்கள், யார் பிடித்தார்கள், யாரிடமிருந்து யார் பிடுங்கினார்கள் என்று ஒரு மணி நேரம் போனது. கோட்டை கைமாறிக்கொண்டே வந்து கடைசியில் தொல்லியல் துறையிடம் நின்றது.

“மேல உச்சிக்கு முன்னாடி ஒரு பெரிய பிளவு இருக்கு. அதுக்கு மேல ஒரு சின்னப் பாலம். அந்தப் பாலத்தை எடுத்துட்டா, பத்துப் பேர் நின்னா போதும், ஒரு படையையே நிறுத்திடலாம்” என்றார்.

“அந்தப் பாலத்துக்குக் கைப்பிடி இருக்கா சார்?” என்று கேட்டேன்.

“இருக்கு சார். உங்களுக்காகவே போட்டிருக்காங்க.”

மகள் தூரத்தில் எங்கேயோ சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

ஆளுக்கொரு புளியோதரைப் பொட்டலம் கொடுத்தார்கள். ஏறுகிறவர்கள் ஏறலாம், மூன்று மணிக்கு எல்லோரும் பஸ்ஸில் இருக்க வேண்டும் என்று வரலாறு சார் அறிவித்தார். வாலிபர்கள் ஏறினார்கள். எனக்கு முழங்கால். பெரியவர்களோடு கல்யாண மஹால் நிழலில் உட்கார்ந்தேன். மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு மணி நேரம் ஒரு தூணைப் பார்த்தேன். அந்தத் தூணைப் பற்றி யார் கேட்டாலும் சொல்வேன். இடையில் ஒரு குரங்கு வந்து என் சட்டைப்பையில் இருந்த குளூக்கோஸ் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனது. அது மகளுக்காக வைத்திருந்தது.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சபை வாட்ஸாப் குழுவில் வரலாறு சாரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘கடலோரக் கோட்டையை வெளிச்சத்தில் பார்க்க வேண்டியிருப்பதால் அனைவரும் 2.20க்கு பஸ்ஸுக்கு வரவும்.’ முடிவில் கூப்பிய கை எமோஜி இரண்டு. நான் படித்தேன். மேலே இருக்கிற பிள்ளைகளுக்கும் வந்திருக்கும் என்று நினைத்தேன். வந்தது. என் மகளுக்கும் வந்தது. என் மனைவியின் கைப்பைக்குள், பிஸ்கட் பாக்கெட்டுக்கும் கைக்குட்டைக்கும் நடுவில். அவளிடம் போன் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்த விஷயம் தேவைப்படும் நேரத்தில் ஞாபகத்துக்கு வராமல் போவது பற்றி என் அலுவலகத்தில் எத்தனையோ கோப்புகள் இருக்கின்றன.

பஸ் ஏறினோம். மனைவி அடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு சேலைத் தலைப்பை முகத்தின் மேல் இழுத்துவிட்டாள். பின்னால் சத்தமும் சிரிப்பும் கேட்டது. பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வரலாறு சார் கூப்பிட ஆரம்பித்தார்.

“ஆறு?”

“அஞ்சு, ஃபுல்.”

“ஏழு?”

பதினேழு வருடமாக அந்த இடத்தில் நான் திரும்பிப் பார்த்திருக்கிறேன். அன்று என் கழுத்து பாதி திரும்பியது. அதை நிறுத்தினேன். இன்னும் சில மணி நேரம்தான், அதற்குள் தோற்றுப்போவதா என்று தோன்றியது. முன்னால் இருந்த சீட்டின் முதுகைப் பார்த்தபடி, “மூணு, ஃபுல்” என்றேன்.

அவர் கேள்வி எதுவும் கேட்காமல் எட்டுக்குப் போனார். ஏழாம் நம்பர் குடும்பத்தை யாரும் சரிபார்க்க மாட்டார்கள்.

செஞ்சியிலிருந்து திண்டிவனம் முக்கால் மணி நேரம். எனக்கு உள்ளே ஒரு திருப்தி இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. என்னால் முடிகிறது என்று நினைத்தேன். போபாலுக்குக்கூட இப்படியே இருந்துவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். திண்டிவனத்துக்குள் நுழையும்போது என் போன் அடித்தது. தெரியாத நம்பர். தெரியாத நம்பரை எடுப்பதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம், போட்டது நான். கட் செய்தேன். மறுபடி அடித்தது. மறுபடி கட் செய்தேன். மூன்றாவது தடவை அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டேன். வர வர இந்த கிரெடிட் கார்டுக்காரர்களுக்குத் துணிச்சல் அதிகம் என்று பக்கத்து சீட்காரரிடம் சொன்னேன். அவரும் ஆமாம் என்றார்.

மரக்காணம் ரோட்டில் ஒரு கடையில் டீக்கு நிறுத்தினார்கள். டீயும் வரலாறு சார் முறைப்படிதான். குடும்பத்துக்கு எத்தனையோ அத்தனை கப், வீட்டுப் பெரியவரிடம் ஒரு தட்டில். என்னிடம் மூன்று கப் வந்தது. மனைவியை எழுப்பி ஒன்று கொடுத்தேன். ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். மூன்றாவதை சிமென்ட் பெஞ்சின் மேல் வைத்தேன். கூப்பிடக் கூடாது, அவளாக வந்து எடுத்துக்கொள்வாள்.

டீயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முதலில் ஆவி நின்றது. பிறகு நடுவில் ஒரு சுருக்கம் வந்தது. மெல்ல ஆடை கட்டியது. ஆடை ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு ஈ வந்து அதன் மேல் உட்கார்ந்தது. கடை வாசலில் பிள்ளைகள் சமோசா தின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தை, ஒப்பந்தத்தை மீறி, நேராகப் பார்த்தேன்.

பிறகு பஸ்ஸுக்குள் போய்ப் பார்த்தேன். பிறகு பஸ்ஸுக்குப் பின்னால். பிறகு கடையின் கழிப்பறைக் கதவைத் தட்டினேன். உள்ளிருந்து ஒரு ஆண் குரல் கொடுத்தது. திரும்பி வந்து பிள்ளைகளிடம் அவள் எங்கே என்று கேட்டேன்.

“உங்க கூட முன்னாடிதானே அங்கிள் இருக்கா?” என்றது ஒரு பெண்.

“மேல ஏறும்போது எங்களுக்கு மூச்சு வாங்கிடுச்சு, நாங்க பாதியிலயே உக்காந்துட்டோம். அவ மட்டும் உச்சி வரைக்கும் போறேன்னு வேற ஒரு காலேஜ் பொண்ணுங்க கூடப் போனா. பஸ்ல காணோம்னதும் நீங்க பக்கத்துல கூப்ட்டு வெச்சுக்கிட்டீங்கன்னு நெனச்சோம். நீங்க அப்படித்தானே அங்கிள்?”

நான் அப்படித்தான்.

டிரைவர் டீ கப்பைக் கீழே வைத்துவிட்டு, “இன்னா சார், ஒரு புள்ளைய வுட்டுட்டு வந்துகினு கீறோமா?” என்றார். அதுவரை யாரும் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். டீ கொட்டிவிட்டது.

மனைவி வந்தாள். தூக்கம் முழுதாகப் போய்விட்டிருந்தது. “நீங்க எண்ணினீங்கதானே?” என்றாள்.

“எண்ணினேன்.”

“பாத்தீங்கதானே?”

“ம்.”

வரலாறு சார், “சார் சொன்னார்மா, மூணு ஃபுல்னு. ஏறிட்டு இறங்கியிருப்பா. இந்தக் காலத்துப் பிள்ளைங்க” என்றார். அவர் என்னைக் காப்பாற்றுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. நான் மறுக்கவில்லை.

அப்போது மனைவியின் கைப்பை நடுங்கியது. மகளின் போன். திரையில் ஏழு தவறிய அழைப்புகள். எல்லாம் ஒரே நம்பரிலிருந்து. நான் பிளாக் செய்த அதே நம்பர். மனைவி எடுத்தாள், எல்லோரும் கேட்கும்படி வைத்தாள்.

“யாரு, அம்மாவா? நான் கோட்டையில டிக்கெட் குடுக்கறவ பேசறேன். இன்னாம்மா, எத்தினி வாட்டி அடிக்கறது? உங்க வூட்டுக்காரரு கட் பண்ணிக்கினே இருக்கறாரு. புள்ள இங்கதான் என் பக்கத்துல இருக்குது. பயப்படாதீங்க.”

பிறகு மகளின் குரல். “அம்மா, நான் மூணுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போதே வந்துட்டேம்மா. பஸ்ஸே இல்ல. நான் திண்டிவனத்துக்கு பஸ் ஏறி வந்துடவா? அக்கா காசு தரேன்னு சொல்றாங்க.”

“அசையாதே” என்று நான் கத்தினேன். “அங்கயே இரு. நான் வரேன்.”

“சரிப்பா. அம்மா, நீ வராத. டவுன் பஸ்ல வாந்தி எடுப்ப. அப்பா மட்டும் வரட்டும்.”

பஸ்ஸையே திருப்பலாம் என்று சிலரும், ஆலம்பரை போய்விடும் என்று சிலரும் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். நாற்பது பேரை ஒரே பஸ்ஸில் வைத்துக்கொண்டு செஞ்சி வரை போகும் தைரியம் எனக்கு இல்லை. வழியெல்லாம் ஆறுதல் சொல்வார்கள். கடைக்காரரின் தம்பி பைக்கில் திண்டிவனம் கொண்டுவிட்டார். தலைக்கவசம் இல்லை. நான் கேட்கவில்லை.

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்கு வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு ஆட்டுக்குட்டி, ஒரு மூட்டை, ஒரு கல்யாணக் கூட்டம். என் மனதில் என் மேஜைக் கோப்புகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவள் சேதமில்லாமல் இருக்கிறாள் என்று காதால் கேட்ட பிறகும் திறந்தன. இப்போதும் சில நாள் திறக்கின்றன, அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது, காரணமில்லாமல்.

மூன்று வயதில் அவளுக்கு என் போன் நம்பரை மனப்பாடம் செய்ய வைத்தேன். மாலை ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும் பத்து எண்களையும் சொல்ல வேண்டும். சில நாள் ஆமென்னுக்கு முன்பே சொல்லிவிடுவாள். வழி தவறினால் யாரிடமாவது போன் கேட்டு இந்த நம்பருக்குப் பேசு என்று சொல்லி வைத்திருந்தேன். பதினான்கு வருடம் கழித்து அவள் அதைச் சரியாகச் செய்தாள். நான் கட் செய்தேன். இதை நான் யாரிடமும் விளக்க முடியவில்லை. எழுதும்போதுதான் சொல்ல வருகிறது.

செஞ்சி ஊருக்குள் இறங்கி ஆட்டோ பிடித்துக் கோட்டை வாசலுக்குப் போனபோது மூடுகிற நேரம். டிக்கெட் கொடுக்கும் இடத்துக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். நெற்களஞ்சியத்தின் கூரை வளைவை ஏதோ ஒரு பொட்டலத் தாளின் மேல் வரைந்துகொண்டிருந்தாள். முகம் வெயிலில் சிவந்திருந்தது. அது தவிர, காலையில் எப்படிப் போனாளோ அப்படியே இருந்தாள்.

டிக்கெட் கொடுக்கும் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்கதான் கட் பண்றவரா?”

“ஆமாங்க.”

“புள்ள சோத்த குரங்கு பிடுங்கிக்கினு போயிடுச்சாம். நான்தான் சுண்டல் வாங்கிக் குடுத்தேன். தண்ணியும் குடிச்சிது.”

நான் கேட்கக் கூடாது என்று இருந்த இரண்டு கேள்விகளுக்கும் அந்தப் பெண் பதில் சொல்லிவிட்டாள். அவளைப் பார்த்துக் கைகூப்பினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, பூட்டை எடுக்க உள்ளே போய்விட்டாள்.

திருவண்ணாமலையிலிருந்து வந்த சென்னை பஸ்ஸில் இரண்டு பேர் சீட் கிடைத்தது. மகள் ஜன்னல் பக்கம். வண்டி கிளாம்பாக்கம் வரைதான் என்றார் கண்டக்டர். “எத்தனை பேர்?” என்று கேட்டார். நான் பக்கத்தில் பார்த்தேன். பார்த்துவிட்டு, “ரெண்டு” என்றேன்.

திண்டிவனம் தாண்டிய பிறகு, அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “சரிப்பா. நான் தோத்துட்டேன்.”

“என்ன?”

“ஏதாவது ஆச்சுன்னா இங்கயே சேர்றேன்னு சொன்னேன்ல. ஆயிடுச்சு. நேரம் மாத்தினது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். போனைக் குடுத்திருக்கக் கூடாது. கூட வந்தவங்களை விட்டுட்டு மேல போயிருக்கக் கூடாது. இங்கயே சேர்ந்துடறேன். அந்த ஃபார்மைக் கிழிச்சிடுங்க.”

நான் பத்து நாளாக வேண்டிக்கொண்டது அதுதான். என் மடியில் வந்து விழுந்திருந்தது. மொட்டை மாடியிலிருந்து தெரியும் மரங்கள் கண்முன் வந்தன. காலையில் டிபன் கட்டிக் கொடுக்கலாம். மாலையில் நான்கரைக்கு வீட்டில் இருப்பாள். நான் பேசாமல் இருந்தால் போதும். எல்லோருக்கும் தெரிந்த கதையில் குற்றம் அவள் பேரில் இருந்தது. அவளுக்கே அப்படித்தான் தெரிந்திருந்தது. நான் மேல்மருவத்தூர் வரை பேசாமல் இருந்தேன். அந்த முப்பது கிலோமீட்டரைப் பற்றி எனக்குப் பெருமை இல்லை.

“நான் பாக்கல” என்றேன்.

“என்ன பாக்கல?”

“வரலாறு சார் ஏழுன்னு கேட்டப்போ. நான் திரும்பிப் பாக்கல. பாக்காம மூணுன்னு சொன்னேன். பாத்திருந்தா பஸ் கிளம்பியிருக்காது. நீ மூணு மணின்னா மூணு மணிக்கு வந்தே. உன் மேல ஒரு தப்பும் இல்ல.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன்.

“நிஜமாவே பாக்கலையா?”

“இல்ல.”

“கண்ணாடியில கூட?”

“கண்ணாடியில கூட.”

“அப்பா!” என்றாள். அதில் திட்டு இருந்ததா, பாராட்டு இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு, “அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?” என்றாள்.

“எண்ணினேன்னு சொன்னேன்.”

“அது பொய்யாச்சே.”

“ஆமா.”

பையைத் திறந்து, உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களுக்கு அடியிலிருந்த படிவத்தை எடுத்தேன். அவள் வரைந்திருந்த தாளின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். செங்கல்பட்டு மேம்பாலத்தில் பஸ் குலுங்கியதில் என் பெயரின் கடைசி எழுத்து மேலே ஏறி, ‘மாணவரின் இரத்த வகை’ என்ற கட்டம் வரை போய்விட்டது. கல்லூரியில் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மகளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. “எனக்கு அங்கயே தெரியும். நீங்க பாத்திருந்தா வெறும் ‘ம்’னு நிறுத்தியிருக்க மாட்டீங்க” என்றாள். அதற்கு மேல் அன்று என்னிடம் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வரலாறு சார் மகளைப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் பத்துப் பேர். “பஸ்ல ஏறிட்டு இறங்கினா அப்பாகிட்ட சொல்லிட்டு இறங்கணும்மா. எங்க எல்லாருக்கும் உயிரே போயிடுச்சு.” மகள் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள்.

“அவ ஏறவே இல்ல சார்” என்றேன். “நான்தான் பாக்காம மூணுன்னு சொல்லிட்டேன்.”

வரலாறு சாருக்குக் கண் கலங்கியது. “சார், பெத்த மனசு. பிள்ளை பேர் கெட்டுடக் கூடாதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கறீங்க” என்றார். பத்துப் பேரும் தலையாட்டினார்கள். நான் மறுபடியும் சொன்னேன். முன்னைவிடக் குறைவாகவே நம்பினார்கள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு பைக் நிறுத்தும் பக்கம் ஓடினாள். அந்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் நல்ல தகப்பன்மாருக்காக ஸ்தோத்திரம் செய்தபோது என் பக்கம் பார்த்துச் செய்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இப்போது அவள் போபாலில் இருக்கிறாள். தினமும் பேசக் கூடாது, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று முடிவாகியிருக்கிறது. தெரியாத நம்பரை எடுப்பதில்லை என்ற சட்டத்தை நான் ரத்து செய்துவிட்டேன். வந்த அழைப்பையெல்லாம் எடுக்கிறேன். இதுவரை நான்கு கிரெடிட் கார்டும் ஒரு நில விற்பனையும் பொறுமையாகக் கேட்டாகிவிட்டது.

போன வாரம் பேசும்போது விடுதியில் மாலை வருகைப் பதிவு எப்படி எடுப்பார்கள் என்று கேட்டேன்.

“வார்டன் வராண்டாவில நின்னு ரூம் நம்பரைக் கூப்பிடுவாங்கப்பா. ரூமுக்கு ஒருத்தி பதில் சொன்னா போதும். நாலு, ஃபுல்னு.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். “உங்க ரூம்ல யாரு சொல்றது?”

“நான்தான்.”

நான் ஏன் கேட்டேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“திரும்பிப் பாத்துட்டுதான்பா சொல்றேன். மூணு பேரையும்.”

“உன்னையும் சேத்துதானே எண்ணுறே?”

“இருங்க,” என்றாள், “பாத்துட்டு சொல்றேன்.”